ரீஃபில் மையில் தம்பியின் பெயர்

எங்கள் வீட்டுப் பிரிண்டர் ஒரு தாளை இழுப்பதற்கு முன்னால் கர்ர்ர் என்று ஒரு சத்தம் போடும். அப்புறம் டக் டக் என்று எதையோ தட்டும். அப்புறம் ஒன்றுமே நடக்காது. அந்த ஒன்றுமே நடக்காத நேரம் இருக்கிறதே, அதில்தான் எனக்கு உயிர் போகும். வேலை செய்கிறதா, படுத்துவிட்டதா, இன்னும் ஏதாவது எதிர்பார்க்கிறதா, ஒன்றும் தெரியாது. நான் அதன் தலையில் ஒரு தட்டு தட்டுவேன், பிளக்கை ஆட்டுவேன், தாளை எடுத்துத் திரும்ப வைப்பேன். நான் தொட்டதால்தான் அது கெட்டது என்று என் கணவர் சொல்வார். இருக்கலாம். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடிந்ததே இல்லை. எனக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று என் மாமியார் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

உத்திரமேரூரில் நான் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். சாயங்காலம் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கேள்வித்தாள் அடிக்கவும், என் பெண் பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் கேட்கிற படங்களை எடுக்கவும்தான் அந்தப் பிரிண்டரை வாங்கினோம். வாங்கும்போது மலிவாகத்தான் கொடுத்தார்கள். மை தீர்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கறுப்பு ஒன்று, கலர் ஒன்று என்று இரண்டு கார்ட்ரிட்ஜ் புதிதாக வாங்குவதற்கு இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம் போலிருந்தது. பேஜாரான பிழைப்பு! பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் வழி காட்டினார். ஊசியில் மை ஏற்றி நிரப்பித் தந்தார். கொஞ்ச நாள் அவரிடமே போய் வந்தேன். எப்போது போனாலும் "வெச்சிட்டுப் போக்கா, சாயந்தரம் வா" என்பார். சாயங்காலம் வரைக்கும் யார் காத்திருப்பது? பாட்டில் மையை அவரிடமே வாங்கிக்கொண்டு வந்து நானே நிரப்ப ஆரம்பித்தேன்.

முதல் தடவை சிரிஞ்சு வாங்க மருந்துக் கடைக்குப் போனபோது ஒரு கூத்து நடந்தது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்கும்மா ஊசி?"

"பிரிண்டருக்குங்க."

"இன்னாது?"

"பிரிண்டருங்க. பேப்பர் அடிக்குமே, அது. அதுக்கு மை ஊத்தணும்."

அவர் என் கணவரின் பெயரைக் கேட்டார், வீடு எங்கே என்று கேட்டார், சர்க்கரை வியாதி யாருக்காவது இருக்கிறதா என்றும் கேட்டார். பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்றிருந்த அம்மாள் தள்ளிப்போய் நின்றுகொண்டார். எனக்கு வந்ததே கோபம். மறுநாள் காலியான கார்ட்ரிட்ஜையே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்து, "தோ, இவருக்குத்தான் ஊசி" என்றேன். சிரித்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால், "பேஷண்டு எப்டி கீறாரு?" என்றுதான் கேட்கிறார்.

நிரப்புவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை உரித்தால் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். உள்ளே பஞ்சு. எந்த ஓட்டையில் எந்தக் கலர் என்று பார்த்து, ஊசியை இறக்கி, மெதுவாக அழுத்த வேண்டும். அந்த 'மெதுவாக' என்பதில்தான் நான் தோற்றுப்போவேன். ஒரே அழுத்தாக அழுத்துவேன். மை பொங்கி வழியும், சிவப்பு போய் மஞ்சளில் கலக்கும், அப்புறம் அன்றைக்கு அடிக்கிற வாழைப்பழமெல்லாம் தக்காளி நிறத்தில் வரும். போதாததற்குப் பிரிண்டர் வேறு, இது என் கம்பெனிச் சரக்கு இல்லை, இதில் மை இல்லை என்று விளக்கை மினுக்கிக்கொண்டே இருக்கும். நிரம்பி வழிகிறது, இது இல்லை என்கிறது! அதன் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் முறைத்துக்கொண்டு வேலை செய்யும். என் விரல் நுனியில் எப்போதும் ஒரு கலர் இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது, புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

போன வைகாசியில் பாப்பாவுக்குக் காது குத்துவது என்று முடிவாயிற்று. வீட்டு வாசலிலேயே பந்தல், ஆசாரியை வரவழைத்துக் குத்துவது, மத்தியானம் சாப்பாடு. பத்திரிகை அடிக்கிற வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். அவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார். வருகிற வழியில் பிரஸ்ஸில் கொடுத்து அடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மஞ்சள் அட்டை, குங்கும நிறத்தில் எழுத்து, மேலே பிள்ளையார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பாப்பாவின் பெயர், எங்கள் பெயர், என் மாமியார் பெயர், என் கணவரின் சித்தப்பா, அத்தை என்று எல்லாரும் இருந்தார்கள். கீழே 'மற்றும் சுற்றமும் நட்பும்' என்று முடித்திருந்தார்கள். தாய்மாமன் என்கிற வரியே இல்லை. அந்த வரி வர வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இன்னாங்க இது, தாய்மாமன் பேரு எங்க?" என்றேன்.

"எந்தத் தாய்மாமன்?"

"எனக்கு எத்தினி தம்பி கீறான்?"

"அவன் பத்திரிகையில என் பேரு இருந்துச்சா? இல்ல இல்ல? அப்ப இதுல அவன் பேரு எதுக்கு?"

"காது குத்தணும்னா அவன் மடியிலதானே புள்ளய உட்கார வெக்கணும்?"

"வாலாஜாபாத்துல உங்க பெரிப்பா பையன் கீறாரு இல்ல? அவரும் தாய்மாமன் மொறதான். அவரு மடியில உட்கார வெச்சிக்கலாம். போ, போய்ச் சோத்தப் போடு."

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை இருக்கிறது. என் தம்பி பெருநகர் என்கிற எங்கள் ஊரில், அப்பா விட்டுப்போன நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். சில வருஷத்துக்கு முன்னால் பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டினான். புதுமனைப் புகுவிழாவுக்குப் பத்திரிகை அடித்தான். அதில் அவன் மாமனார் வீட்டு ஆட்கள் வரிசையாக இருந்தார்கள், அவன் மச்சான்மார் எல்லாரும் இருந்தார்கள். அந்த வீட்டு மாப்பிள்ளையான என் கணவர் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. பிரஸ்ஸுக்குக் கொடுத்தது என் மச்சான், அவன் விட்டுட்டான், நான் கவனிக்கலை என்று தம்பி போனில் சொன்னான். இவர் கேட்பாரா? எங்கள் பக்கம் பத்திரிகையில் பெயர் விடுவது சின்ன விஷயம் இல்லை. கன்னத்தில் அறைந்தால்கூட மறுநாள் சேர்ந்துகொள்வார்கள், பெயர் விட்டால் சேர மாட்டார்கள். இவர் போகவில்லை, என்னையும் அனுப்பவில்லை. என் பிறந்த வீட்டுப் புதுமனையை நான் வாட்ஸப் படத்தில்தான் பார்த்தேன். பால் பொங்குகிற படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதேன். அக்கா வரவில்லை என்று அவனுக்குக் கோபம். அதற்கப்புறம் போக்கும் இல்லை, வரத்தும் இல்லை.

எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அவனும் இல்லையென்றால் பிறந்த வீடு என்று எனக்கு ஒரு வாசல் கிடையாது. வேறு யார் மடியிலோ உட்கார்த்தி என் பெண்ணுக்குக் காது குத்திவிட்டால் அந்த வாசல் அத்தோடு மூடிவிடும். அது என் கணவருக்குப் புரியவில்லை. புரிந்தாலும் ரோஷம் விடவில்லை. எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குழம்பில் உப்புப் போட்டேனா என்று தெரியாமல் இன்னொரு தரம் போட்டேன். துணி காயப்போட மாடிக்குப் போனவள், வாளியைக் கீழேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி எடுத்து அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தோன்றியது. ஒரே ஒரு வரிதானே? நம் வீட்டில்தான் பிரிண்டர் இருக்கிறதே!

சொல்வது சுலபம். பிரஸ்ஸில் அடித்த அட்டையில், சரியாக அந்த இடத்தில், அதே நிறத்தில் ஒரு வரி விழ வேண்டும். முதலில் சாதாரணத் தாளில் அடித்து, அதை அட்டையின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வரி பிள்ளையாரின் தும்பிக்கை மேல் உட்கார்ந்திருந்தது. கீழே இறக்கினேன். இந்தத் தடவை அட்டையையே விட்டு வெளியே போய்விட்டது. எழுத்தைப் பெரிதாகவும் தடிப்பாகவும் வைத்திருந்தேன். தம்பி பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்தேன். அவன் காலேஜில் பாதியிலேயே நின்றவன், ஆனாலும் புதுமனைப் பத்திரிகையில் முழுப் பட்டமும் போட்டிருந்தான். நான் எதற்குக் குறைக்க வேண்டும்?

நிறம் அதற்கு மேல் படுத்தியது. குங்கும நிறம் கேட்டால் பச்சையாக வந்தது. சிவப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது. கார்ட்ரிட்ஜைக் கழற்றி வெந்நீரில் நனைத்த துணியில் ஒற்றி, ஓட்டையில் மறுபடி மை ஏற்றி, தாளாகத் தள்ளிக்கொண்டே இருந்தேன். பச்சை, அப்புறம் சாம்பல், அப்புறம் செம்பருத்தி நிறம். கடைசியில் பிரஸ்காரன் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் பிரகாசமாக, ஆனாலும் அதே குங்குமம். அட்டையை விட்டேன். தடிமன் தாங்காமல் உருளையில் மாட்டிக்கொண்டு மடங்கியது. சனியனே என்று இழுத்துக் கிழித்தேன். இன்னொன்று விட்டேன். அது வழுக்கி வெளியே வந்தது. தாய்மாமன், அதற்குப் பக்கத்தில் என் தம்பி பெயர், பட்டத்தோடு. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. பத்திரிகை என்றால் மஞ்சள் தடவ வேண்டும். மஞ்சள் இல்லாமல் கையில் கொடுத்தால் அது கருமாதிப் பத்திரிகை. நான் எதையும் யோசிக்காமல், கிண்ணத்தில் மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் குழைத்து நாலு மூலையிலும் இழுத்தேன். கீழ் மூலையில் வைத்த மஞ்சள் கொஞ்சம் ஓடி அந்த வரியைத் தொட்டது. அவ்வளவுதான். தம்பியின் பட்டம் முதலில் போயிற்று. அப்புறம் பெயர் கரைந்து, ரத்தம் மாதிரி மஞ்சளில் வழிந்தது. பிரஸ்ஸில் அடித்த எழுத்து ஒன்றும் அசையவில்லை, கல்லு மாதிரி நின்றது. என் தம்பி மட்டும் ஓடிக்கொண்டிருந்தான்.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"இன்னாங்க மை குடுத்துகீறீங்க, தண்ணி பட்டா ஓடுது?"

"லோக்கல் இங்க் அப்டித்தான்க்கா. யாராச்சும் கேள்வித்தாளக் கழுவுவாங்களா? நீ இன்னாத்துக்குத் தண்ணியில போட்ட?"

போனை வைத்துவிட்டு யோசித்தேன். அப்புறம் மாற்றிச் செய்தேன். வெறும் பத்திரிகைக்கு முதலில் மஞ்சள் தடவி, மாடியில் கல் வைத்து வெயிலில் காயப்போட்டேன். காய்கிறவரைக்கும் மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்தேன், காக்கா தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயம். காய்ந்ததும் அடித்தேன். உருளையெல்லாம் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு என் டியூஷன் பிள்ளைகளின் கணக்குத் தாளுக்கெல்லாம் சுபகாரியம் மாதிரி ஓரத்தில் மஞ்சள் கோடு விழுந்தது. ஆனால் பத்திரிகை சுத்தமாக வந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரைப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன்.

மாமியாரிடம் வளையல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பெருநகர் பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அம்மாள் கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் தண்ணீர் தெளித்திருப்பார் போல, சொட்டுச் சொட்டென்று சொட்டிக்கொண்டிருந்தது. நான் பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"இன்னாமே, பையில பணமா கீது? நான் ஒண்ணும் பிடுங்கிக்கினு ஓட மாட்டேன்" என்றார் அவர்.

"அய்யே, அதுக்கில்லக்கா, நனையக்கூடாத சாமான்."

"கீரதான்மே, ஏரி இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தம்பி வீட்டு வாசலில் போய் நின்றேன். படத்தில் பார்த்த வீடு. கேட்டுக்குப் பச்சை பெயிண்ட். தம்பிதான் முதலில் பார்த்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். "வாக்கா" என்றான். அவன் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பெண்தான், ஆனால் அன்றைக்கு முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோன தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து, வெற்றிலையை முந்தானையில் நன்றாகத் துடைத்து ஈரம் போக்கிவிட்டுத்தான் பத்திரிகையை வைத்தேன். இரண்டு பேரையும் சேர்ந்து நிற்கச் சொல்லிக் கொடுத்தேன்.

தம்பி பத்திரிகையை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தான். கீழே வந்ததும் நின்றான்.

"இந்த ஒரு வரி மட்டும் வேற மாதிரி கீதே?"

"மை அப்டி" என்றேன்.

"மாமா போடச் சொன்னாரா?"

நான் தட்டிலிருந்த பூவைச் சரிசெய்தேன். அவன் மனைவி அவனைப் பார்த்தாள். அவன் பத்திரிகையை மடிக்காமல் காலண்டருக்குப் பின்னால் செருகினான்.

"வருவ இல்லடா?" என்று நானே கேட்டுவிட்டேன். "உன் மடியிலதான்டா புள்ள உட்காரணும். நீ வர்லன்னா எனக்கு யாரும் இல்லடா."

"பாக்கலாம்க்கா."

அந்த 'பாக்கலாம்' இருக்கிறதே, வருவேன் என்பதும் இல்லை, வரமாட்டேன் என்பதும் இல்லை. வாசல்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிச் சொன்னேன்: "பத்திரிகையில தண்ணி படாம பாத்துக்கோ. வேர்வகூடப் படக்கூடாது."

"இன்னாத்துக்கு?"

"சொன்னாக் கேளுடா!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து காது குத்துகிற நாள் வரைக்கும் போன் அடித்தால் அவனா என்று ஓடினேன். பிரிண்டர் கர்ர் என்றால் எரிந்து விழுந்தேன். என் விரலில் குங்கும நிறம் போகவே இல்லை. என் கணவர் ஒருநாள் பார்த்துவிட்டு, "கையில இன்னா?" என்றார். "புள்ளைங்களுக்குப் படம் அடிச்சேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு வெயில் காலையிலேயே கொளுத்தியது. பந்தலில் ஆட்கள் நிரம்பிவிட்டார்கள். ஆசாரி பாயில் உட்கார்ந்து தங்கக் கம்பியை எடுத்து வைத்துவிட்டார். பாப்பா புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, நடக்கப்போவது தெரியாமல் வெல்லம் தின்றுகொண்டிருந்தாள். வாலாஜாபாத் அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மணைப்பலகைக்குப் பக்கத்தில் தயாராக நின்றார், பாவம், அவரை என்ன சொல்வது. "நல்ல நேரம் போவுதும்மா, மாமன வரச் சொல்லு" என்று ஆசாரி அவசரப்படுத்தினார். நான் தெருவையே பார்த்தேன். பூக்காரி வந்தாள், ஐஸ் வண்டி வந்தது, அவன் வரவில்லை. "உட்கார்ண்ணா" என்று நான் வாயைத் திறக்கப்போன நேரத்தில் தெருமுனையில் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது.

அவன்தான். பின்னால் அவன் மனைவி சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பெருநகரிலிருந்து அந்த வெயிலில் வந்ததில் உடம்பெல்லாம் நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது யாரோ ஒரு பொம்பளை அலறினாள்.

"ஐயய்யோ, நெஞ்சில இன்னாப்பா ரத்தம்!"

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவன் சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு. எங்கேயாவது விழுந்து வந்திருக்கிறானோ என்று பயந்துபோனேன். அவன் குனிந்து பார்த்துவிட்டுப் பையில் கையை விட்டான். மடித்து வைத்திருந்த பத்திரிகை வந்தது. என் கணவர் அதற்குள் அவன் கிட்டே போயிருந்தார். அதை வாங்கிப் பிரித்தார்.

பிள்ளையார் இருந்தார். பாப்பா பெயர், எங்கள் பெயர், மாமியார், சித்தப்பா, அத்தை எல்லாரும் இருந்தார்கள். கீழே ஒரு சிவப்புக் கலங்கல். தாய்மாமன் என்பதில் பாதி மிச்சம் இருந்தது, பெயர் சுத்தமாகப் போய்விட்டது. தான் அடித்து வாங்கிய பத்திரிகையில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? என் விரலைப் பார்த்தார். நான் பந்தல் துணியைப் பார்த்தேன். இப்போது கத்தப்போகிறார், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு மானத்தை வாங்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் பத்திரிகையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "என் சட்ட ஒண்ணு எடுத்தா" என்றார். "சுபகாரியத்துல இப்டி செவப்பாக் கறையோட உட்காரக் கூடாது."

ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தேன். தம்பி பந்தலுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தான். தொளதொளவென்று இருந்தது. வாலாஜாபாத் அண்ணன் "வா வா, நீ வந்தா நான் எதுக்கு?" என்று நகர்ந்துகொண்டார். பாப்பா முதலில் மிரண்டாள், அப்புறம் அப்பா சட்டை வாசனை தெரிந்ததோ என்னவோ அவன் மடியில் உட்கார்ந்துவிட்டாள். ஆசாரி குத்தினார். அவள் கத்திய கத்தல் ஏரிக்கரைக்குக் கேட்டிருக்கும். தம்பி அவள் தலையைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். நான் அழுதேன், யாரும் பார்க்கட்டும் என்று அழுதேன்.

ஆனாலும் இரண்டு ஆண்களும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுப் பந்தி போட்டபோது தம்பி கடைசி இலையில் போய் உட்கார்ந்தான். என் கணவர் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்தார். நான் அப்பளம் வைக்கிற சாக்கில் தம்பி பக்கம் போனேன். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

"வேர்வ படாம வைன்னு தொண்ட கிழியச் சொன்னேன் இல்ல? எதுக்குடா அத்தப் பாக்கெட்ல வெச்சிக்கினு வந்த? பத்திரிகைய வூட்லயே விட்டுட்டு வந்தா இன்னா? நல்ல சட்ட போச்சு இல்ல?"

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வாசல்ல யாராச்சும் உன்ன யாரு கூப்ட்டதுன்னு கேட்டா, காட்டலாம்னு எடுத்தாந்தேன்க்கா."

என் கையில் அப்பளக் கூடை அப்படியே நின்றது. திரும்பினால், வாளியும் கரண்டியுமாக என் கணவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கரண்டியிலிருந்து பாயசம் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் வாளியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் நவுரு மச்சான்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னா பாத்துக்கினு கீற? இங்க ஒரு இல போடு" என்றார்.